நோயுற்றவளின் தட்டில் மீன் எங்கே?

கடந்த மாதம் ரொறன்ரோவிலிருந்து ஓர் அன்பர் தொலைபேசியில் அழைத்தார். மூதூரைச் சொந்த ஊராகக் கொண்டவர். நான் பத்திரிகையில் எழுதிய காலந்தொட்டு என் எழுத்தை வாசித்து வருபவர். தமது இளைய சகோதரிக்குக் கருப்பைக் கழுத்தில் புற்றுநோய் கண்டிருப்பதாகவும், கதிரியக்கச் சிகிச்சை தொடங்கவிருப்பதாகவும் சொன்னார். சொல்லும்போதே குரல் தழுதழுத்தது. சற்று நேரம் அமைதியாக இருந்துவிட்டு, "ஐயா, அங்க மீன், முட்டை எல்லாத்தையும் நிப்பாட்டிட்டாங்களாம். சத்துக்கு இங்கயிருந்து ஒரு மாப்பேணி அனுப்பலாமெண்டு யோசிக்கிறன். எது நல்லது?" என்று கேட்டார்.

நான் மருத்துவன் அல்லன். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகைக் காரியாலயங்களில் மை மணத்தோடு காலங்கழித்தவன். ஆயினும் இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் கடப்பாடு எனக்கு உண்டு. ஏனென்பதைச் சொல்லிவிட்டே மேலே செல்ல வேண்டும்.

1998ஆம் ஆண்டு. என் பெரியம்மாவின் மூத்த மகள், எனக்கு அக்கா முறையானவர், திருகோணமலை டச்சு விரிகுடாவுக்கு அண்மையில் குடியிருந்தார். அத்தான் துறைமுகத்தில் வேலை பார்த்தவர்; பின்னேரம் மீன் வாங்காமல் வீடு திரும்பியதாக எனக்கு நினைவில்லை. மாதவிலக்கு நின்று சில ஆண்டுகளான பின் அக்காவுக்கு மீண்டும் இரத்தம் போகத் தொடங்கியிருக்கிறது. யாரிடமும் சொல்லாமல் ஏறத்தாழ ஒரு வருடம் மறைத்துவிட்டார். 'பொம்பிளையளின் வருத்தம்' என்பதை வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் எங்கள் குடும்பங்களில் இருக்கவில்லை. மருத்துவரிடம் போனபோது நோய் பரவத் தொடங்கியிருந்தது. கதிரியக்கச் சிகிச்சைக்காகத் தலைநகர்ப் பக்கத்து வைத்தியசாலை ஒன்றுக்கு அனுப்பினார்கள். யுத்த காலம், சோதனைச் சாவடிகள். ஏறத்தாழ 260 கிலோமீற்றர் தூரத்தை நோயாளி எப்படிக் கடந்திருப்பார் என்பதை அந்த வீதியில் அந்நாளில் பயணித்தவர்கள் அறிவார்கள்.

நான்காம் கிழமையில் அக்காவுக்கு இரத்தம் வெகுவாகக் குறைந்தது. வயிற்றோட்டமும் சேர்ந்துகொள்ள, எழுந்து நிற்கவே முடியவில்லை. சிகிச்சையைச் சில நாட்களுக்கு நிறுத்தினார்கள். அந்த இடைவெளியில் ஊருக்கு வந்தவர் மூன்று கிழமைகள் திரும்பிப் போகவில்லை.

அப்போதுதான் அவரைப் பார்க்கப் போனேன். குசினியில் மகள் பாரை மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். அக்காவின் முன்னால் தண்ணீர்போல ஒரு கோப்பை அரிசிக் கஞ்சியும் அவித்த பாகற்காயும் இருந்தன. கண்கள் குழிவிழுந்து, தோள் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

"அக்கா, நீங்கள் மீன் சாப்பிடுவதில்லையா?"

"மீன் கிரந்தி தம்பி. புண் ஆறாது. உன்ட பேப்பரிலதானே போட்டிருந்திச்சு."

சுவாமிப் படத்தின் பின்னாலிருந்து மடித்து வைத்த ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்து நீட்டினார். பார்த்த மாத்திரத்தில் எனக்கு அது தெரிந்துவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன்னர் ஞாயிறு மகளிர் பக்கத்தில் ஆறு அங்குல இடம் நிரம்பாமல் கிடந்தபோது, ஏதோ ஓர் ஆங்கிலச் சஞ்சிகையிலிருந்து அவசரமாக மொழிபெயர்த்து நான் போட்ட குறிப்பு அது. புற்றுநோயாளர் மீன், முட்டை, இறைச்சியை அறவே விலக்கி, பழச்சாறும் இலைக்கறியும் மட்டும் உண்டால் நோய் பட்டினி கிடந்து அழியும் என்பது அதன் சாரம். எழுதியவர் யாரென்று பார்க்கவில்லை. ஒரு மருத்துவரைக் கேட்கவில்லை. இடம் நிரம்பியது, பக்கம் அச்சுக்குப் போயிற்று.

வைத்தியசாலைக் கோப்புக்குள் இன்னொரு காகிதமும் இருந்தது. அது சிங்களத்தில் மாத்திரம் இருந்தது. அந்த வீட்டில் அதனை வாசிக்கத் தெரிந்தவர் எவரும் இல்லை. எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். மீன், முட்டை, பருப்பு ஆகியவற்றைத் தினமும் உண்ணுங்கள். கொதித்தாறிய நீரைப் போதியளவு பருகுங்கள். நிறை குறைந்தால் உடனே தெரிவியுங்கள். சரியான அறிவுரை அவருக்குப் புரியாத மொழியில் கோப்புக்குள் கிடந்தது. பிழையான அறிவுரை அழகான தமிழில், தம்பி எழுதியது என்ற நம்பிக்கையோடு, சுவாமிப் படத்தின் பின்னால் இருந்தது.

அக்கா மீண்டும் போய்ச் சிகிச்சையை முடித்தார். 2000ஆம் ஆண்டில் காலமானார். மீன் உண்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. நோய் முற்றியிருந்தது. ஆனால் அந்த மூன்று கிழமை இடைவெளியில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை இத்தனை காலத்தின் பின்னும் என்னால் மறுக்க முடியவில்லை.

இனி விடயத்துக்கு வருவோம்.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் உணவால் வருவதன்று. ஏறத்தாழ எல்லா நோயாளரிடத்தும் அதற்குக் காரணமாயிருப்பது மனிதப் பப்பிலோமா வைரஸ். இதனை நிறுவிய ஜேர்மனிய விஞ்ஞானி ஹெரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. இந்த வைரஸின் 16ஆம், 18ஆம் வகைகள் இரண்டுமே நூற்றில் எழுபது நோயாளருக்குக் காரணமாகின்றன. எனவே, கருவாடு தின்றதால் வந்தது, சூட்டுச் சாப்பாட்டால் வந்தது என்று நோயுற்ற பெண்ணையோ அவளுக்குச் சமைத்தவரையோ குற்றவாளியாக்குவதில் பொருளில்லை. அதுபோலவே, எந்த உணவும் இந்த நோயைக் குணப்படுத்தாது. அறுவைச் சிகிச்சையும் கதிரியக்கமும் மருந்துமே அதனைச் செய்ய வல்லவை.

அப்படியானால் உணவு எதற்கு? சிகிச்சையைக் குறித்த நாளில் முடிக்கும் வலுவைத் தருவதற்கு.

இதனைச் சற்று விளக்க வேண்டும். நோய் ஓரளவு பரவிய பெண்களுக்கு வாரத்தில் ஐந்து நாட்கள் வீதம் ஏறத்தாழ ஐந்து கிழமைகள் வெளியிலிருந்து கதிரியக்கம் கொடுப்பார்கள். அதையடுத்து உட்கதிரியக்கம். 1999ஆம் ஆண்டிலிருந்து, கதிரியக்க நாட்களிலேயே கிழமைக்கு ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற மருந்தையும் ஏற்றுவது உலகெங்கும் வழக்கமாயிற்று. அதனால் பிழைப்போர் தொகை கூடியது. இவையனைத்தையும் எட்டுக் கிழமைகளுக்குள் முடித்துவிட வேண்டுமென்பது மருத்துவர்களின் குறி. நாட்கள் இழுபட்டால் எஞ்சிய புற்றுக் கலங்கள் மீண்டும் பெருகுகின்றன. நோய் கட்டுப்படும் வாய்ப்புக் குறைகிறது. இரத்தம் குறைந்தோ, உடல் நலிந்தோ, வயிற்றோட்டத்தாலோ நாட்கள் தவறிப்போகும் பெண்ணுக்கு நேர்வது இதுதான்.

சத்துணவு வல்லுநர்கள் புற்றுநோயாளருக்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 25 முதல் 30 கலோரியும், 1 முதல் 1.5 கிராம் புரதமும் தேவை என்கிறார்கள். 50 கிலோ நிறையுள்ள பெண்ணுக்கு 1,250 முதல் 1,500 கலோரி; 50 முதல் 75 கிராம் புரதம். என் அக்கா உண்டதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நாள் முழுவதும் 100 கிராம் அரிசியைக் கஞ்சியாக்கிக் குடித்தால் கிடைப்பது ஏறத்தாழ 350 கலோரியும் 7 கிராம் புரதமுமே. மிச்சத்துக்கு உடல் தன் தசையையே கரைத்துத் தின்னும். நோயைப் பட்டினி போடுவதாக எண்ணி நோயாளியையே பட்டினி போட்டோம்.

அதே வீட்டில் அன்று கிடைக்கக்கூடியதாயிருந்த உணவையும் கணக்கிடலாம். துப்புரவாக்கிய சூடை மீனோ கீரி மீனோ 100 கிராம் என்றால் ஏறத்தாழ 20 கிராம் புரதம். ஒரு முட்டையில் 6. 50 கிராம் மைசூர்ப் பருப்பில் 12. ஒரு கோப்பைப் பாலில் 6. 200 கிராம் அரிசியில் 14. கூட்டினால் 58. விலையுயர்ந்த அறக்குளா வேண்டியதில்லை. வெளிநாட்டு மாப்பேணியும் வேண்டியதில்லை. கொட்டியாரக் குடாவிலும் பின்துறைமுகத்திலும் விடியற்காலையில் கரைக்கு வரும் சிறு மீன் போதும்.

சிறு மீனுக்கு மற்றொரு பயனும் உண்டு. இடுப்புப் பகுதிக்குக் கதிரியக்கம் கொடுக்கும்போது சூலகங்கள் செயலிழந்து, இளம் வயதுப் பெண்களுக்கும் மாதவிலக்கு நின்றுவிடுகிறது. அதனால் எலும்பு விரைவில் தேய்கிறது. முள்ளோடு மென்று விழுங்கக்கூடிய நெத்தலி கல்சியத்துக்கு நல்லது. மீனும் முட்டையும் புண் ஆற விடாது என்ற எண்ணத்துக்கு அடிப்படை இல்லை. புண் ஆறுவதற்கு உடல் தேடுவதே புரதத்தைத்தான். ஒருவருக்கு இறாலோ நண்டோ உண்மையிலேயே ஒவ்வாமை தருமாயின் அவர் அதனை விலக்கட்டும். ஒருவரின் ஒவ்வாமையை ஊரிலுள்ள நோயாளர் அனைவருக்கும் சட்டமாக்குவது தகாது.

இரத்தக் குறைவு இந்த நோயில் தனிக் கவனத்துக்குரியது. பல பெண்கள் மாதக்கணக்கில் இரத்தம் இழந்த பின்னரே வைத்தியசாலைக்கு வருகிறார்கள். ஈமோகுளோபின் குறைந்த நோயாளரிடத்தில் கதிரியக்கத்தின் பலனும் குறைந்து காணப்படுகிறது. மீனிலும் இறைச்சியிலுமுள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்கும். பயறு, பருப்பு, முருங்கை இலையிலுள்ள இரும்பை ஏற்கத் தேசிக்காய்ப் புளி துணை செய்யும். சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடிக்கும் நம்மவர் வழக்கம் அந்த இரும்பை உடலில் சேர விடாது. தேநீரை விட வேண்டாம். ஒரு மணித்தியாலம் தள்ளி வைத்தாற் போதும். இரும்பு மாத்திரையை மருத்துவர் சொன்னால் மட்டுமே எடுக்க வேண்டும்.

கதிரியக்கம் தொடங்கி இரண்டு மூன்று கிழமைகளில் குடல் அழற்சியால் வயிற்றோட்டம் வருவதுண்டு. அந்நாட்களில் மிளகாய்த் தூளையும் எண்ணெய்ப் பொரியலையும் கட்டித் தேங்காய்ப் பாலையும் குறைத்து, குழையக் காய்ச்சிய சோறு, முள் நீக்கி அவித்த மீன், முட்டை, பாசிப்பயற்றுக் கஞ்சி, கனிந்த வாழைப்பழம் என்று சிறிது சிறிதாக ஐந்தாறு தடவை உண்ணலாம். பால் ஒத்துக்கொள்ளாவிட்டால் சில நாட்கள் நிறுத்தலாம். இழந்த நீரை ஈடுசெய்ய உப்புக் கஞ்சியும் ஜீவனிக் கரைசலும் உண்டு. சிஸ்பிளாட்டின் ஏற்றும் நாட்களில் மருத்துவர் குறிப்பிடும் அளவுக்குத் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும். அம்மருந்து சிறுநீரகத்தைத் தாக்கக் கூடியது. சிறுநீர் அடிக்கடி போகிறதே என்று தண்ணீரைக் குறைக்கும் பெண்களை நான் கண்டிருக்கிறேன். பேரூந்தில் நெடுந்தூரம் போகும் பெண்ணுக்கு வழியில் ஒழுங்கான மலசலகூடம் இல்லாததே பலவேளை அதற்குக் காரணம். இதனை ஆண்களாகிய நாம் சிந்திப்பதில்லை. சிறுநீரக நோயோ நீரிழிவோ முன்பே உள்ளவர்களுக்கு இந்தக் கணக்குகள் மாறும். அவர்கள் தம் மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும்.

வெண்குருதிக் கலங்கள் குறைந்துள்ள நாட்களில் பச்சை வல்லாரைச் சம்பல், தெருவில் வெட்டி விற்கும் பழம், மூடாமல் விற்கும் தயிர், முதல்நாட் பழஞ்சோறு ஆகியவற்றை ஒதுக்கிவிட்டு, சுடச்சுடச் சமைத்ததையே உண்ண வேண்டும். அக்காலத்தில் முட்டையையும் மீனையும் நன்றாக வேகவைக்க வேண்டும்.

இப்போது சுவாமிப் படத்தின் பின்னாலிருந்த இடத்தைக் கைத்தொலைபேசி பிடித்துக்கொண்டுவிட்டது. முள்ளுச் சீத்தா இலையை அவித்துக் குடித்தால் புற்றுநோய் போய்விடுமென்று ஒரு செய்தி வட்டமடிக்கிறது. மனிதர்களில் அதனை நிரூபித்த ஆய்வு எதுவும் இல்லை. மாறாக, கரிபியன் தீவான குவாதலூப்பில் அக்கனியையும் இலைத் தேநீரையும் தொடர்ந்து உட்கொண்டவர்களிடையே நடுக்குவாதத்தை ஒத்த நரம்பு நோய் கண்டறியப்பட்டது. கறியில் போடும் மஞ்சளிலும் பாகற்காய்ச் சுண்டலிலும் தீங்கில்லை. அவற்றைச் சாறாகவும் வில்லையாகவும் செறிவாக்கி, மருந்தேறும் நாட்களில் மருத்துவருக்குத் தெரியாமல் விழுங்குவதே ஆபத்து. சீனியை நிறுத்தினால் புற்று வாடிவிடும் என்பதும் அத்தகையதே. நிறை குறைந்து வாந்தியோடு போராடும் பெண்ணிடமிருந்து சோற்றையும் பழத்தையும் பறிப்பது எவ்வகை வைத்தியம்?

நமது மாவட்டத்தில் மூவினத்தவரும் வாழ்கிறோம். கிண்ணியாவில் ஒரு தாய் நோன்பை விட மனமின்றிச் சிகிச்சைக் காலத்திலும் பசித்திருக்கிறாள். உப்புவெளியில் ஒரு தாய் நேர்த்திக்காக ஒருநேரச் சாப்பாட்டோடு நிற்கிறாள். நோயாளி நோன்பைப் பின்னொரு நாளுக்குத் தள்ளலாமென்று இஸ்லாம் இடமளிக்கிறது. நோயுற்றவளை வருத்தி விரதம் வாங்கும் தெய்வத்தை எந்தச் சைவப் பெரியாரும் எனக்குக் காட்டியதில்லை. இதனைப் பள்ளிவாசலிலும் கோவிலிலும் பெரியவர்கள் வாய்திறந்து சொல்ல வேண்டும். மருத்துவர் சொல்வதைவிட அது விரைவில் குசினிக்குள் சேரும்.

அரசுக்கும் சில வார்த்தைகள். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் போசாக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் 1970களிலிருந்து திரிபோஷா வழங்கிய நாடு இது. சோளமும் சோயாவும் கலந்த அந்த மாவை, அல்லது அதன் பெறுமதிக்கு முட்டையும் பருப்பும் வாங்கும் சீட்டை, கதிரியக்கம் பெறும் எட்டுக் கிழமைகளுக்கு வசதியற்ற பெண்களுக்கும் வழங்கினால் என்ன? ஒரு நாளைய கதிரியக்கத்துக்கு அரசு செலவிடும் பணத்தோடு ஒப்பிட்டால் இது அற்பம். அச்செலவு வீணாகாமல் காப்பதும் இதுவே. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் முட்டையும் மீனும் ஏழை வீடுகளுக்கு எட்டாப் பொருளானபோது, அங்கே முதலில் வெறுமையானது பெண்ணின் தட்டுத்தான். அதைவிடச் செலவு குறைந்த கோரிக்கை ஒன்றும் உண்டு. வைத்தியசாலை கொடுக்கும் உணவுக் குறிப்பு நோயாளியின் தாய்மொழியில் இருக்க வேண்டும். தமிழும் அரசகரும மொழி என்று சட்டத்தில் எழுதி ஆண்டுகள் பல கடந்துவிட்டன. ஒரு தாளின் மறுபக்கத்தில் தமிழில் அச்சிட எவ்வளவு மை செலவாகும்?

உணவைப் பற்றி இவ்வளவு சொன்ன பின் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் குற்றமாகும். இந்த நோய் வராமலே தடுக்கக்கூடியது. 1996ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் சுகவனிதையர் கிளினிக்குகள் இயங்குகின்றன. 35 வயதிலும் 45 வயதிலும் அங்கே இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளலாம். 2017ஆம் ஆண்டிலிருந்து ஆறாம் தரத்து மாணவியருக்குப் பாடசாலையிலேயே தடுப்பூசி கிடைக்கிறது. சம்மதப் படிவத்தில் ஒப்பமிடத் தயங்கும் தகப்பன்மார் இக்கட்டுரையை ஒருமுறை வாசிக்கட்டும். தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத்தில், பயிற்சி பெற்ற தாதியர் வினாகிரி தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய பரிசோதனையை 30 முதல் 59 வயதுவரையான கிராமத்துப் பெண்களுக்கு ஒருமுறை செய்தார்கள். அந்த ஆய்வு 2007இல் வெளிவந்தபோது, அப்பரிசோதனை செய்யப்பட்ட ஊர்களில் இந்நோயால் இறந்தோர் தொகை 35 சதவீதம் குறைந்திருந்தது தெரியவந்தது. நம்மைப் போன்ற ஊர்களில் நம்மைப் போன்ற பெண்களிடம் நடந்த ஆய்வு அது. 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ மூன்றரை இலட்சம் பெண்களை இந்நோய் கொன்றது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் நம்முடையவை போன்ற வசதி குறைந்த நாடுகளைச் சேர்ந்தவர்கள்.

ரொறன்ரோ அன்பருக்கு நான் சொன்ன விடை இதுதான். "மாப்பேணி வாங்கும் காசை மாதாமாதம் மச்சானின் கையில் கொடுங்கள். மீனுக்கும் முட்டைக்கும் ஒரு பங்கு. வைத்தியசாலைக்குப் போய்வரும் வாகனத்துக்கு ஒரு பங்கு. வீட்டில் முதலில் அவருக்குப் பரிமாறச் சொல்லுங்கள். கிழமைக்கு ஒருமுறை நிறையைப் பார்த்து உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். வாயால் உண்ணவே முடியாத நிலை வந்தால் மருத்துவர் மாவை எழுதித் தருவார், அப்போது அனுப்புங்கள்."

போன கிழமை மீண்டும் அழைத்தார். சிகிச்சை மூன்றாம் கிழமையில் நிற்கிறது. ஒரு நாளும் தவறவில்லை. நிறை ஒரு கிலோ மட்டுமே குறைந்திருக்கிறது. மீன் கொடுக்க மாமியார் முதலில் ஒத்துக்கொள்ளவில்லையாம். வைத்தியசாலைத் தாதி ஒருவர் தமிழில் எடுத்துச் சொன்ன பிறகு இப்போது அவரே முள் நீக்கிக் கொடுக்கிறாராம். இன்னும் ஐந்து கிழமைகள் இருக்கின்றன.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். புற்றுநோயாளர் மீனும் முட்டையும் உண்ணலாகாது என்று சொல்லும் பழைய பத்திரிகைத் துண்டு எதுவும் உங்கள் வீடுகளில் இருந்தால் எடுத்துக் கிழித்து எறிந்துவிடுங்கள். அதன் கீழே என் பெயர் இருந்தாலும் தயங்க வேண்டாம்.